பெட்டிக்குள் எரிந்த கை

என் இரண்டு கைகளும் எரிந்த அன்று எங்கும் தீ இல்லை. இதைச் சொன்னால் இன்றைக்கும் எங்கள் பக்கம் சிரிக்கிறார்கள். சிரிக்கட்டும். அப்படிச் சிரித்தவர்களில் ஒருவனுக்கு இப்போது முன்பல் இல்லை. அதைத் தட்டியதும் இதே கைதான்.

எனக்குக் கோபம் வரும். பட்டாசு மருந்து ரூமில் வேலை பார்க்கிறவனுக்குக் கோபம் ஆகாது என்பார்கள். ரூமுக்குள் நான் ஒருநாளும் கோபப்பட்டதில்லை. உள்ளே அடக்கி வைத்ததையெல்லாம் வெளியே வந்து காட்டினேன், அவ்வளவுதான். டீக்கடையில் காட்டியிருக்கிறேன், பஸ்ஸில் காட்டியிருக்கிறேன், வீட்டிலும் காட்டியிருக்கிறேன்.

எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலப்பது என் வேலை. விடிந்தும் விடியாததுமாக ஆமத்தூரில் கம்பெனி வேன் ஏறினால், வெயில் உறைக்கும் முன்பே கலந்து முடித்துவிட வேண்டும். பச்சை நிறம் தருகிற பச்சை உப்பு, கந்தகம், அலுமினியப் பவுடர். ராத்திரி வானத்தில் வெள்ளையும் பச்சையுமாக விரிகிறதே, அது அதற்கு முன்னால் என் உள்ளங்கைக்கு அடியில் கிடந்ததுதான். சல்லடையில் கொட்டி, உரசாமல், அழுத்தாமல், கையால் பரப்பித் தட்டில் இறக்குவேன். என் அளவுக்கு வேகமாகவும் சுத்தமாகவும் இறக்குகிற கை அந்தக் கம்பெனியில் வேறு இல்லை. எனக்கு அதில் பெருமை உண்டு, இல்லையென்று சொல்லமாட்டேன்.

அலுமினியப் பவுடர் ரொம்ப லேசு. இமையில், காதுமடலில், மூக்குக்குள் எல்லாம் ஏறி உட்கார்ந்துகொள்ளும். வேலை முடிந்து வெளியே வரும் எங்களைப் பார்த்தால் எவர்சில்வர் குடத்துக்குக் கைகால் முளைத்த மாதிரி இருக்கும். சோப்புப் போட்டால் முகம் தெளிந்துவிடும், கை தெளியாது. ரேகைக்குள்ளும் நகக்கண்ணிலும் வெள்ளி இறங்கிவிட்டது. ரேஷன் கடையில் விரல் வைத்தால் மெஷின் என்னை ஒத்துக்கொள்வதில்லை.

மருந்து ரூமுக்கு நாலு பக்கமும் வாசல். எந்தப் பக்கம் வேண்டுமானாலும் ஓடலாம் என்பதற்காக. நுழையும்போது வாசலில் இருக்கும் செப்புத் தகட்டைத் தொட வேண்டும், உடம்பில் ஏறிய மின்சாரம் அதில் இறங்கிவிடும். இன்னொரு சட்டமும் உண்டு. தட்டு நழுவி விழுந்தால் பிடிக்கக் கூடாது, விட்டுவிட்டு ஓட வேண்டும். கீழே விழுகிற மருந்து பற்றினாலும் பற்றும், பற்றாமலும் போகும். குனிந்து பிடிக்கிறவன் முகத்தையும் கையையும் அதன் மேலேயே கொண்டுபோய் வைக்கிறான். இது எங்கள் எல்லாருக்கும் தெரியும்.

என் மனைவியின் அண்ணன், எனக்கு மச்சான், வெம்பக்கோட்டைப் பக்கம் இன்னொரு கம்பெனியில் இதே வேலை பார்த்தார். ஒரு பங்குனியில் அவர் ரூம் போனது. எங்கள் பக்கம் வெடித்தது என்று சொல்லமாட்டோம், ரூம் போச்சு என்போம். நான் அன்றைக்குக் கம்பெனி லோடு வண்டிக்குத் துணையாகக் கேரளா போயிருந்தேன். திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. என்ன கிடைத்தது என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. எனக்குத் தெரியாததா? எங்கள் கம்பெனியிலேயே பக்கத்து ரூம் ஒன்று போன அன்று, வேலிக் கருவேலமரத்தின் கிளையிலிருந்து ஒன்றை ஏணி வைத்து இறக்கியவர்களில் நானும் ஒருவன். எதை இறக்கினோம் என்று இங்கே எழுதப் போவதில்லை. இறக்கி வைத்துவிட்டு, மறுவாரம் வேலைக்குப் போனேன். பயம் என்பது எனக்கு வேறு யாருக்கோ வருகிற காய்ச்சலாக இருந்தது.

இப்படி இருக்கும்போதுதான் அந்தப் பெண் வந்தாள். விருதுநகரில் மல்லி, வத்தல் வியாபாரம் செய்யும் பாய் வீட்டுப் பெண். இன்ஜினியரிங் படித்து அங்கேயே கல்லூரியில் வேலை பார்த்தாள். கண்ணுக்குக் கட்டுகிற வி.ஆர். பெட்டிகளை ஒரு பையில் போட்டுக்கொண்டு கம்பெனிக்கு வந்து, பாதுகாப்புப் பயிற்சி என்றாள். பெட்டியைக் கட்டிக்கொண்டால் அசல் மருந்து ரூம் தெரியும். நாலு வாசல், சல்லடை, தட்டு, செப்புத் தகடு எல்லாம் உண்டு. குனிந்தால் நம் கையும் தெரியும். நம் கை அசைந்தால் அந்தக் கையும் அசையும். திடீரென்று தட்டு நழுவும். நாம் விட்டுவிட்டு ஓடுகிறோமா என்று அவள் பார்ப்பாள்.

சாப்பாட்டு ஷெட்டில் பெஞ்சுகளை ஓரம் தள்ளிவிட்டுச் செய்தோம். உள்ளே நுழையும்போது ஒவ்வொருவனும் இல்லாத செப்புத் தகட்டைத் தொடக் காற்றில் கையை நீட்டியதைப் பார்த்து மற்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். குனிந்து பார்த்தால் வெள்ளைவெளேரென்று ஒரு கை. ஒரு காய்ப்பு இல்லை, ஒரு தழும்பு இல்லை.

"ஏலே, இது பேங்க் மேனேஜர் கைலே," என்றான் என் கூட்டாளி. என்னோடு சேர்ந்து மருந்து கலக்கிறவன். "இந்தக் கைக்கு மருந்து ரூம்ல என்ன சோலி?"

தட்டு விழுந்தது. எல்லாரும் விட்டுவிட்டு அழகாக ஓடினோம். ஒருத்தன்கூடத் தப்புச் செய்யவில்லை. போர்மேனுக்கு ஒரே சந்தோஷம். அந்தப் பெண்ணுக்கு மட்டும் முகம் சரியில்லை.

"எல்லாரும் நல்லா ஓடுனீக அண்ணே. நல்லா ஓடுனீகன்னுதான் எனக்கு நம்பிக்கை வரல. அது உங்க கைன்னு நீங்க நெனைக்கல. மேனேஜர் கை எரிஞ்சா உங்களுக்கென்ன," என்றாள்.

போவதற்கு முன் எங்கள் கைகளை முன்னும் பின்னும் போட்டோ எடுத்துக்கொண்டாள்.

அடுத்த தடவை வந்தபோது அவள் கையில் ஒரு பெயிண்ட் பிரஷ் இருந்தது. என்னை உட்காரவைத்து, பெட்டியைக் கட்டி, கைகளை மேஜைமேல் வைக்கச் சொன்னாள். குனிந்து பார்த்தேன். என் கை. ரேகைக்குள் வெள்ளி. இடது ஆள்காட்டி விரலில் சின்ன வயதில் அரிவாள் பட்ட தழும்புகூட இருந்தது. அவள் என் புறங்கையில் பிரஷ்ஷால் மெல்லத் தடவினாள். உள்ளே தெரிந்த கையிலும் ஒரு பிரஷ், அதே இடத்தில், அதே நேரத்தில் தடவியது. கொஞ்ச நேரம் கூசியது. பிறகு என்னவோ ஆனது. எது தடவுகிறது, எது தடவப்படுகிறது என்கிற கணக்குக் கழன்று, அங்கே இருப்பதுதான் நான் என்று உடம்பு சாய்ந்துவிட்டது. மேஜை மேலிருந்த கையை மறந்தே போனேன்.

"கை எங்கன இருக்குன்னு மூளைக்குத் தானாத் தெரியாதுண்ணே. கண்ணுகிட்டயும் தோலுகிட்டயும் கேக்கும். ரெண்டும் ஒரே பதிலச் சொன்னா நம்பிரும்," என்று அவள் குரல் மட்டும் கேட்டது.

எழுந்து நிற்கச் சொன்னாள். ரூமுக்குள் போனேன். தகட்டைத் தொட்டேன். சல்லடையைப் பிடித்தேன். தட்டு நழுவியது.

பிடித்தேன். யோசிக்கவேயில்லை. என் மருந்து, நான் கலந்தது, கீழே போகிறது. இரண்டு கையும் தானாகப் போய்த் தட்டின் விளிம்பைக் கவ்வின. அடுத்த நொடி வெள்ளைப் பிழம்பு. கண் முன்னால் என் விரல்கள் கறுத்துச் சுருண்டன. தோல் கையுறை கழல்வதுபோல மணிக்கட்டிலிருந்து உரிந்து தொங்கியது. அடியில் இருந்த சிவப்பையும் பார்த்தேன். கருவேலமரத்தடியில் அடித்த அதே நெடி எனக்கு அடித்தது. பெட்டியில் நெடி ஏது? ஆனால் அடித்தது. அலறிக்கொண்டு ஓடினேன். ஓடியது அந்த ரூமுக்குள், மோதியது ஷெட்டின் இரும்புத் தூணில். நெற்றி பிளந்து ரத்தம் கண்ணில் இறங்கியது. அந்த வலி எனக்குத் தெரியவேயில்லை. கைதான் எரிந்தது.

தூணடியில் உட்காரவைத்துப் பெட்டியைக் கழற்றினார்கள். மடியில் முழுசாக இரண்டு கைகள் கிடந்தன. அவை யாருடையவை என்று எனக்குத் தெரியவில்லை. பொய்யில்லை. என் கை அங்கே எரிந்துகொண்டிருந்தது. இந்தக் கைகளை யாரோ மறந்து என் தோளில் மாட்டிவிட்டுப் போனதுபோல இருந்தது.

அன்றைக்கு மருந்து கலக்கிற அத்தனை பேரும் தட்டைப் பிடித்தார்கள். ஒருத்தன் தப்பவில்லை. அந்தப் பெண் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மற்றவர்களுக்கு டீக் குடித்து முடிப்பதற்குள் எல்லாம் தெளிந்துவிட்டது. எனக்குத் தெளியவில்லை.

மறுநாள் காலை மருந்து ரூமில் அலுமினியப் பவுடரைச் சல்லடையில் கொட்டினேன். முதல் துகள் உள்ளங்கையில் பட்டதும் மணிக்கட்டிலிருந்து கீழே நெருப்பாய் எரிந்தது. கையை உதறாமல் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். உதறினால் எல்லாரும் போய்ச் சேர்வோம். விரல் விட்டுப்போய்ச் சல்லடை ஒரு பக்கம் சாய, வாசலில் நின்ற போர்மேன் சத்தமில்லாமல் உள்ளே வந்து, என் கையிலிருந்து அதை வாங்கி இறக்கிவைத்துவிட்டு, என் சட்டையைக் கொத்தாகப் பிடித்து வெளியே இழுத்துப் போட்டார்.

"கை சரியாகுற வரைக்கும் இந்தப் பக்கம் வராத. நீ சாகுறதுன்னா தனியாச் சாவு," என்றார்.

ஷெட்டில் உட்கார்ந்திருந்தேன். மதியம் கூட்டாளி வந்தான். எல்லார் முன்னாலும் என் கையைத் தூக்கிப் பிடித்து, ஃபூ ஃபூ என்று ஊதினான்.

"பொம்மைத் தீயில கை சுட்ட ஆளப் பாத்திருக்கீகளா? பர்னால் வாங்கியாரவா மாப்ள?"

அடித்தேன். விழுந்தான். மேலே ஏறி உட்கார்ந்து அடித்தேன். பல் என் விரல்கணுவைக் கிழித்தது. என் கை ரத்தமும் அவன் வாய் ரத்தமும் கலந்து வழிந்தன. எனக்கு அப்போது ஒரே ஆத்திரம்தான். இத்தனை அடித்தும் கை எனக்கு வலிக்கவில்லை. எரிச்சல் மட்டும் அப்படியே இருந்தது. நாலு பேர் சேர்ந்து என்னைப் பிரித்தெடுத்தார்கள்.

வீட்டுக்கு வந்து துணி துவைக்கிற கல்லில் வலது கையை ஓங்கி ஓங்கி அறைந்தேன். வலித்தால் என் கை என்று ஆகிவிடும் அல்லவா? என் மனைவி ஓடிவந்து கல்லுக்கும் கைக்கும் நடுவே தன் தோளைக் கொடுத்தாள். ஒரு அடி அவள்மேல் விழுந்தது. அவள் அழவில்லை. துணியைக் கிழித்துக் கையைச் சுற்றினாள்.

"எரியுதா?" என்று கேட்டாள்.

"எரியுது," என்றேன்.

அவள் முகத்தில் ஒன்று வந்து போனது. என்னவென்று எனக்கு அப்போது பிடிபடவில்லை. சீசன் தொடங்கப் போகிறது, மருந்து கலக்காவிட்டால் நான் என்ன செய்வேன், எனக்குத் தெரிந்த ஒரே வேலை போய்விட்டதே என்பதுதான் என் தலைக்குள் ஓடியது.

ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறி விருதுநகர் போனேன். அந்தப் பெண் அப்பா கடைக்கு மேலே மாடி அறையில்தான் அந்தப் பெட்டிகளை வைத்திருந்தாள். கீழே வத்தல் மூட்டைகள். படியேறும்போதே தும்மலும் கண்ணீருமாக ஏறினேன். கோபத்தோடு போகிறவனுக்கு இதைவிடக் கேவலம் வேண்டாம். மேலே போனதும் மேஜையை உதைத்தேன். பெட்டி ஒன்றைத் தலைக்குமேல் தூக்கினேன்.

"என் கையக் குடு. இல்ல, இத ஒடச்சுப் போட்ருவேன்."

அவள் பின்வாங்கினாள். "போடுங்கண்ணே. ஆனா உங்க கை அதுக்குள்ளதான இருக்கு."

எனக்குக் கை இறங்கிவிட்டது. அவள் உட்காரச் சொன்னாள். தண்ணீர் கொடுத்தாள். தப்பு தன்னுடையது, இந்த அளவுக்கு உறைக்கும் என்று நினைக்கவில்லை என்றாள். பிறகு விளக்கினாள். கண்ணால் ஏமாந்த உடம்பைக் கண்ணாலேயே திருப்பிக் கொண்டுவரலாம். எரிந்த கையை உள்ளே காட்டி, பிரஷ்ஷால் தடவத் தடவ அது ஆறி முழுசாவதுபோலக் காட்டுவாளாம். சில வாரம் வந்தால் எரிச்சல் போய்விடும், பழைய கை கிடைத்துவிடும் என்றாள்.

"பழையபடி மருந்து கலக்கலாமா?"

"கலக்கலாம்னுதான் நெனைக்கேன்."

அடுத்த ஞாயிறு நான் கிளம்பியபோது என் மனைவியும் சேலை மாற்றிக்கொண்டு நின்றாள். நான் கூப்பிடவில்லை. "நானும் வாரேன்," என்று மட்டும் சொன்னாள்.

மாடி அறையில் பெட்டியைக் கட்டினார்கள். குனிந்தேன். கருகின இரண்டு கைகள். பிரஷ் வந்தது. வலது கட்டைவிரலில் அந்தப் பெண் ஆரம்பித்தாள். தடவிய இடத்தில் கறுப்பு விலகி, அடியில் தோல் தெரிந்தது, தோலில் வெள்ளி தெரிந்தது. எரிச்சல் அந்த விரலில் மட்டும் விளக்கை அணைத்ததுபோல நின்றது. எனக்கு அழுகை வந்துவிட்டது. பெட்டிக்குள்ளேயே அழுதேன். அடுத்த விரல். அடுத்த விரல். சீசனுக்குள் போய்விடலாம், போர்மேன் முகத்தில் கரி பூசிவிடலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

பிரஷ் நின்றது. என் மனைவியின் குரல் பக்கத்தில் கேட்டது. பெட்டி கட்டினால் எனக்குக் காதும் கேட்காது என்று நினைத்துவிட்டாள் போல.

"பாப்பா, போதும். அதச் சரி பண்ணாத."

"என்னக்கா சொல்லுதீக? அண்ணன் எம்புட்டுக் கஷ்டப்படுறாங்க..."

"படட்டும். எங்க அண்ணன் ரூம் போன அன்னைக்கு, அடையாளம் சொல்ல என்னயத்தான் கூப்பிட்டாக. பாக்கதுக்கு ஆளு இல்ல பாப்பா. ஒரு தட்டு இருந்துச்சு. தட்டோட விளிம்பப் பிடிச்சிக்கிட்டு ஒரு கை இருந்துச்சு. தட்டு விளுந்தா பிடிக்கக் கூடாதுன்னு இவுகளுக்கெல்லாம் சொல்லிக் குடுத்ததே அவன்தான். அவனும் பிடிச்சிருக்கான். விரல ஒவ்வொண்ணாப் பிரிச்சு, தட்டத் தனியா, கையத் தனியா எடுத்துக் குடுத்தேன். அந்தக் கைக்கு ஒருநாளும் பயமில்ல. இவுக கைக்கும் இல்ல. இப்பத்தான் வந்திருக்கு. அத நீ எடுத்துராத."

நான் அப்போதும் பெட்டிக்குள்தான் இருந்தேன். முன்னால் என் கைகள். ஒன்று பாதி ஆறியது, இன்னொன்று கரிக்கட்டை. இரண்டும் ஆடாமல் அசையாமல் கிடந்தன.

பெட்டியைப் பிடுங்கி எறிந்தேன். எழுந்தேன். வெளியாள் முன்னால், என் பிழைப்பில் மண்ணைப் போடுகிறாளே என்கிற ஒரே எண்ணம்தான் எனக்கு. அவள் கன்னத்துக்கு நேராகக் கையை ஓங்கினேன். அவள் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை.

"அடிங்க. முழுசா இருக்கிற கைதான, அடிங்க," என்றாள்.

அடிக்கவில்லை. முடியவில்லை என்பதுதான் சரி. ஓங்கிய கை அங்கேயே நின்றது. அவள் அதை இரண்டு கையாலும் பிடித்து இறக்கி, தன் மடியில் வைத்துக்கொண்டு, விரல்களை ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தாள். எந்தக் கையை இதேபோலப் பிடித்திருப்பாள் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அதற்குப் பிறகு நான் அந்த மாடிக்குப் போகவில்லை. கம்பெனியில் லோடு ஏற்றுகிற பக்கம் மாற்றிக்கொண்டேன். சம்பளம் குறைவு. இடுப்பு ஒடிகிறது. மருந்து ரூம் ஆட்கள் வெள்ளியாக வெளியே வரும்போது நான் அட்டைப்பெட்டி தூக்கிக்கொண்டு குறுக்கே போவேன். கூட்டாளி பல்லில்லாத வாயால் இன்னும் ஊதிக் காட்டுகிறான். கோபம் வரத்தான் செய்கிறது. பெட்டியை லாரியில் கொஞ்சம் வேகமாக எறிவேன், டிரைவர் திட்டுவான்.

தினமும் காலையில் தட்டில் இட்லியை வைத்துவிட்டு என் மனைவி கேட்பாள். "எரியுதா?"

"எரியுது."

"சரி, சாப்பிடுங்க."

எரிச்சல் நின்று வெகுநாளாகிவிட்டது. என்றைக்கு நின்றது என்று எனக்கே தெரியாது. ஒருநாள் லாரியில் பெட்டி அடுக்கும்போது பார்த்தேன், கை சும்மா இருந்தது. ரேகையில் இருந்த வெள்ளிகூடத் தேய்ந்து தோல் நிறம் வந்திருந்தது. போர்மேன் இரண்டு தடவை ஆள் விட்டுவிட்டார். மருந்து கலக்க ஆள் இல்லையாம், என் அளவுக்குக் கை ஓடுகிறவன் கிடைக்கவில்லையாம். கை இன்னும் சரியாகவில்லை என்று சொல்லி அனுப்பினேன். அவளிடமும் உண்மையைச் சொல்லவில்லை. சொன்னால் சண்டை போடமாட்டாள், போகாதீர்கள் என்றும் சொல்லமாட்டாள். விடிவதற்குள் எழுந்து சோறு கட்டிவைத்துவிடுவாள். அதை எடுத்துக்கொண்டு நான் கிளம்பிவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

இன்று காலையும் கேட்டாள். எரியுது என்றேன்.